தோல் மொறுமொறுப்பாக இருக்கும்போதே

மழைக்காலம் தொடங்கிய புதிதில், எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். வங்கியிலிருந்து திரும்பி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, ஒரு கையில் தக்காளிப் பையும் மறு கையில் குடையுமாக நடந்தேன். வழவழப்பான தரையில் மழைத் தண்ணீர். விழும்போது தக்காளி நசுங்கிவிடக் கூடாது என்று அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடை வைத்திருந்த கையை ஊன்றினேன். தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முழங்கையிலிருந்து விரல் கணுவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆட்டோவில் புனே விமான் நகருக்குத் திரும்பும்போது என் கணவர் மாவுக்கட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இறுகிருச்சு" என்றார். ஊருக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் உலைப் பிரிவில் அவருக்கு வேலை. பல்சக்கரங்களை உலையில் வைத்துக் காய்ச்சி, கெட்டிப்படுத்தித் தருவார்கள். எதைப் பார்த்தாலும் இறுகியிருக்கிறதா என்று சுண்டிப் பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்த மனிதர் எங்கள் சமையலறையில் செய்த ஒரே வேலை ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பதுதான். சோம்பேறி என்று சொல்லமாட்டேன். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவர், மாலையில் நகர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்து சேருவார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் ஆம்பளை அடுப்பைத் தொட்டால் பெண்களே விரட்டிவிடுவார்களாம். நான் இதே புனேயில், கட்கியில், அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். உருளைக்கிழங்கை பட்டாட்டா என்றும் கொத்தமல்லியை கோத்திம்பீர் என்றும் சொல்லிக்கொண்டு திரிந்த என்னைப் பார்த்து, இவள் தமிழச்சிதானா என்று அவருக்குச் சந்தேகமே வந்ததாம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒத்துப்போனது என் கோழிக் குழம்பில்தான். ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும் தூக்கத்தை வைத்தே அன்றைக்குக் குழம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன்.

கை உடைந்த பிறகு, கீழ்த்தளத்தில் இருந்த மராட்டிப் பெண்மணி ஒருவர் எங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தார். சப்பாத்தி, காய்கறிப் பாஜி, பருப்பு, சோறு. நல்ல கைப்பக்குவம்தான். ஆனால் சுத்த சைவம். இரண்டாம் ஞாயிறு பாகற்காய் பாஜியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் மூடியைத் திரும்பப் போட்டார்.

"ஓட்டல்ல சொல்லிரவா?" என்றார்.

"ஓட்டல் கோழி வேணாங்க. எல்லாம் ஒரே சிவப்புத் தண்ணி."

"அப்ப நான் பண்ணுறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் சமையலறை மூலையில் இருந்த ஓவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேக் செய்யலாம் என்று ஆசையாக வாங்கியது. நாலைந்து கேக்குக்குப் பிறகு அது அலமாரியாகிவிட்டது. உள்ளே தோசைக்கல், பழைய வாணலி, மூடியில்லாத டப்பாக்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

"குழம்பு வைக்கத் தெரியாது. இது உலை. இது எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் சமைத்த முதல் ஞாயிறு நான் நாற்காலி போட்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். கை முடங்கியிருந்தால் என்ன, வாய் முடங்கவில்லையே. தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எல்லாம் சேர்த்துப் பிசறச் சொன்னேன். கோழித் தொடைகளை அதில் புரட்டி, தட்டில் அடுக்கி, மேலே அலுமினியத் தாள் போட்டு மூடி உள்ளே வைத்தார். ஓவன் குமிழை இருநூறு டிகிரிக்குத் திருப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் நின்றார். வேலைக்கு நடுவே பேசக்கூடாது என்ற மாதிரி முகம்.

வெந்து வந்தது கோழியா, கோழி குளித்த தண்ணீரா என்று தெரியவில்லை. தயிர் திரிந்து, வெளிறிய துண்டுகள் அதில் மிதந்தன. புனேயின் மறுகோடியில், பாணேரில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் மகள், அந்த வாரம் வந்திருந்தாள். ஐடி வேலை. தமிழ் பேசினால் நடுவில் மூன்று பாஷை வரும்.

"அப்பா, டேஸ்ட் டீக் ஹை. பட் இதுல க்ரிஸ்பியா ஒண்ணுமே இல்லையே? தோல் எங்க?"

தோல்! அதைப் பற்றி எங்கள் இருவருக்கும் யோசனையே வரவில்லை. புனேயில் கோழிக்கடைக்காரர்கள் சட்டையைக் கழற்றுகிற மாதிரி இறகோடு சேர்த்துத் தோலை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டுவிடுவார்கள். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். "எங்க ஊர்ல தோலோட வாங்கி, தீயில வாட்டி, மஞ்ச தடவி வெட்டுவாக" என்று அவர் மகளுக்குச் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஏதோ முடிவாகிவிட்டது தெரிந்தது.

மறு ஞாயிறு காலையில் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரருக்கு எங்களை நன்றாகத் தெரியும். என் கணவர் தன்னுடைய ஹிந்தியில், "சம்டி மத் நிகாலோ" என்றார். தோலை எடுக்காதே என்று. கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "குத்தே கே லியே?" என்று கேட்டார். நாய்க்கா?

"நஹி. மேரே லியே" என்றார் இவர், கொஞ்சமும் அசராமல். இல்லை, எனக்கு.

நான் குறுக்கே புகுந்து மராட்டியில் விளக்கினேன். தோல் வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி இறகு பிடுங்க வேண்டும், கூட்டம் சேர்வதற்கு முன்னால் சீக்கிரமாக வந்தால் செய்து தருகிறேன் என்றார் கடைக்காரர். அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தார். மிச்சம் ஒட்டியிருந்த சின்ன இறகுகளை வீட்டில் இவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மகளின் புருவம் திருத்தும் இடுக்கியால். அதை மகளிடம் இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

இரண்டாம் முறை தயிர் வேண்டாம், அலுமினியத் தாள் வேண்டாம், சூடு அதிகம் வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். காலை முழுக்கக் கோழியைக் கழுவினார். மூன்று தண்ணீர், நாலு தண்ணீர். கழுவிய கையோடு மிளகாய்த்தூளை அப்பி, குமிழைக் கடைசிவரை திருப்பி உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை. எதிர் வீட்டுக்காரர் மணியடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மிளகாய்த்தூள் கருகி, தோல் மேலே கறுப்பும் கீழே ரப்பருமாக இருந்தது. எலும்பருகே வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு.

அவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு வேலையில் ஏதாவது கோளாறு என்றால் அது ரஞ்சன்காவிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு வரும்போது முகம் கழுவி வந்துவிடுவார்.

"விடுங்க" என்றேன். "டப்பா இருக்கு."

"உள்ள எவ்வளவு சூடு இருக்குன்னே தெரியல. குமிழ் சொல்றத நம்பிட்டேன்" என்றார். "கம்பெனியில நம்புவேனா?"

அந்த வாரமே ஓவனுக்குள் தொங்கவிடுகிற சின்னச் சூடுமானி ஒன்றை வாங்கி வந்தார். கோழியில்லாமல் வெறும் ஓவனை ஏற்றி, கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தார். குமிழில் இருநூறு என்று இருந்தால் உள்ளே அதைவிட நன்றாகக் குறைவு. அந்தக் காலத்தில் என் கேக்கெல்லாம் நடுவில் குழிந்துபோனதற்குக் காரணம் அதுதான் என்று என்னைச் சமாதானப்படுத்தினார். பொய் என்று எனக்குத் தெரியும். நான் சர்க்கரையை அளவுக்கு மேல் போடுவேன். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

சூடு சரியாகிவிட்டது, அந்த ரப்பர்த் தோல் ஏன் வந்தது என்பது மட்டும் பிடிபடவில்லை. அது எனக்கு அப்பளப் பாக்கெட்டைப் பார்க்கும்போது தோன்றியது. மழைக்காலம் என்பதால் பிரித்து வைத்த அப்பளம் ஈரம் குடித்துத் தொளதொளவென்று ஆகியிருந்தது.

"என்னங்க, இந்த அப்பளத்த இப்படியே பொரிச்சா என்ன ஆகும்?"

"பொரியாது."

"ஏன்?"

"ஈரம்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். "கழுவிக் கழுவி நானே கெடுத்துருக்கேன்."

"மீன் வறுக்கறதுக்கு முன்னாடி நான் ஏன் துணியால ஒத்தி ஒத்தி எடுக்கறேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"இப்பக் கேக்குறேன்ல."

சனிக்கிழமை மாலையே தொடைகளை நன்றாகத் துடைத்து உப்புத் தடவி, அவற்றை மூடாமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றார். குளிர்காற்றில் தோல் காய்ந்துவிடுமாம். இதற்கு நான் லேசில் சம்மதிக்கவில்லை. பால் இருக்கும் ஃப்ரிட்ஜில் திறந்தபடி பச்சைக் கோழியா? பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கீழ்த்தட்டு முழுவதையும் காலி செய்து, அதில் கோழி மட்டும், மற்றதெல்லாம் மேலே மூடி போட்டு என்று ஒப்பந்தம் ஆனது. மசாலா விஷயத்தில் இன்னொரு வாக்குவாதம். தோல்மேல் எதைப் போட்டாலும் கருகும் என்றார் அவர். மஞ்சளும் மிளகாயும் இல்லாமல் கோழியைத் தின்ன நான் என்ன ஆஸ்பத்திரியிலா இருக்கிறேன் என்றேன் நான். அப்புறம் நானே ஒரு வழி சொன்னேன். இஞ்சி, பூண்டு, மிளகாய், மிளகு, கொஞ்சம் சோம்பு எல்லாம் அரைத்து, தோலை மெதுவாகத் தூக்கி அதற்கடியில் கறிமேல் தடவிவிட வேண்டியது. மேலே வெறும் உப்பும் ஒரு சொட்டு எண்ணெயும். விரலைத் தோலுக்கும் கறிக்கும் நடுவே விட்டுக் கிழியாமல் தடவும்போது அவருடைய நாக்கு நுனி வெளியே வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மகள் கோலத்துக்குள் வண்ணம் அடிக்கும்போது அப்படித்தான் இருப்பாள்.

ஞாயிறு காலை ஃப்ரிட்ஜைத் திறந்தபோது தோல் காகிதம்போலக் காய்ந்து இறுக்கமாக இருந்தது. சுண்டிப் பார்த்தார். திருப்தி. வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கைத் தட்டில் பரப்பி, அதன்மேல் கம்பிவலை வைத்து, தோல் மேலே பார்க்கத் தொடைகளை இடைவெளிவிட்டு அடுக்கினார். ஓவன் முழுச் சூடாகும் வரை காத்திருந்து உள்ளே வைத்தார். இந்தத் தடவை புகையில்லை. முதலில் பூண்டு வாசனை வந்தது. பிறகு சோம்பு. பிறகு எண்ணெய் மெல்லச் சடசடக்கிற சத்தம். நானும் அவரும் அன்றைக்கும் வந்திருந்த மகளும் கண்ணாடி முன்னால் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். கொழுப்பு உருகி உருளைக்கிழங்கின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தோல் மஞ்சளாகி, பொன்னாகி, அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம் விட்டது.

"ஏக் நம்பர், அப்பா!" என்றாள் மகள். அவள் பாஷையில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வெளியே எடுத்து, கம்பியால் எலும்பருகே குத்திப் பார்த்தார். வடிந்த சாறு தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் தொடாதீர்கள், சாறு உள்ளே அடங்கட்டும் என்று எங்களை மிரட்டினார்.

தட்டு வைக்கும் நேரம் வந்ததும் நான் வழக்கம்போல எழுந்து இடது கையால் சோற்றுக் கரண்டியைத் தேடினேன். "நீ உக்காரு" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நான் அப்புறம்..."

"அப்புறமெல்லாம் கிடையாது. தோல் ஆறினா நமுத்துரும். இப்பவே சாப்பிடணும். நீதான் முதல்ல."

அவர் யோசித்துச் சொல்லவில்லை. அப்போது அவர் கவலையெல்லாம் அந்தத் தோலைப் பற்றித்தான். எனக்குத்தான் எங்கோ பட்டது. என் அம்மா வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, நான் சூடாகச் சாப்பிட்ட சாப்பாடு எதுவென்று யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பந்திகளும் ஓட்டல்களும்தான் ஞாபகம் வந்தன. யாரும் என்னை அப்படி இருக்கச் சொன்னதில்லை. தோசை ஊற்றுகிறவள் கடைசியில் சாப்பிடுவாள், குழம்பு எப்போதும் காத்திருக்கும், அதனால் நானும் காத்திருந்தேன். அது எனக்கு ஒரு குறையாகக்கூடத் தோன்றியதில்லை. நான் உட்கார்ந்தேன்.

அதுவரை இடது கையால் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எலும்போடு இருக்கும் தொடையைக் கரண்டியால் என்ன செய்வது? அவரே பக்கத்தில் உட்கார்ந்து, விரல் சுட ஊதிக்கொண்டே கறியை எலும்பிலிருந்து பிரித்தார். சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வைத்தார். தோலை மட்டும் பிய்க்காமல் முழுசாக எடுத்து என் இடது கையில் கொடுத்தார்.

கடித்தேன். மொறுக்கென்ற சத்தம் எதிரில் இருந்த மகளுக்குக் கேட்டது, அவள் சிரித்தாள். அதற்கடியில் கறி அவ்வளவு மெத்தென்று இருந்தது. மசாலா முழுதும் சாற்றோடு ஊறிப்போய், நான் என் குழம்பில் வருஷக்கணக்காகத் தேடுகிற ஒரு ருசி அதில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் தட்டைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

எத்தனை ஆயிரம் முறை நான் அவரிடம் கேட்ட கேள்வி! அதற்கு அவர் தட்டைப் பார்த்தபடியே சொல்கிற பதிலும் எனக்கு மனப்பாடம்.

"ம்" என்றேன்.

"ம்-னா?"

"ம்-னா ம்-தான்."

"ஏம்மா, ஒரு வாரமா இதே நெனப்பா இருக்கேன். நல்லாருக்கு, நல்லால்ல, உப்புக் கம்மி, ஏதாச்சும் ஒண்ணு சொல்லு!"

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் முதலில் புரிந்துகொண்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் காது சிவந்து, தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "சரி, சரி, சாப்பிடுங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கும் உன் குழம்பு. எப்பவுமே" என்றார்.

"அப்படியா? இப்பத்தான் தெரியுது."

"தெரியும்னு நெனச்சேன்."

தூங்குகிற தூக்கத்தை வைத்து எனக்கும் தெரியத்தான் செய்தது. ஆனாலும் வாயால் ஒருத்தர் சொல்லிக் கேட்பது வேறு. தட்டின் அடியில் தேங்கியிருந்த கொழுப்பையும் கருகலையும் வழித்து அவர் சூடான சோற்றில் போட்டுப் பிசைந்தார். அதில் எனக்கு ஒரு கரண்டி, மகளுக்கு ஒரு கரண்டி. உருளைக்கிழங்குக்கு மகளும் அவரும் சண்டை போட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவர் தூங்கவில்லை. கம்பிவலையில் ஒட்டியிருந்ததைத் தேய்க்கக் குழாயடியில் நின்றார். அதை ஊறவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவையாவது தேய்த்துப் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மழை ஓய்ந்து வந்த வாக்கில் என் கட்டைப் பிரித்தார்கள். மெலிந்து வெளுத்துப்போன மணிக்கட்டு முதலில் மடங்க மறுத்தது. பந்தை அமுக்கு, துண்டைப் பிழி என்று பயிற்சி சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டப்பாக்கார அம்மாவிடம் நன்றி சொல்லி நிறுத்தினேன். அவருக்குக் கொஞ்சம் கோழி கொடுக்கலாம் என்று தோன்றி, அவர் சைவம் என்பது ஞாபகம் வந்து, உருளைக்கிழங்கு மட்டும் தனியாகச் செய்து கொடுத்தோம்.

"இனிமே எல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று சமையலறைக்குள் நுழைந்தேன். அவர் வாசற்படியில் நின்றார். ஓவன் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது.

"ஞாயித்துக்கெழம மட்டும் நீங்க செய்ங்க" என்றேன்.

"சரி" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார்.

அப்போதிலிருந்து ஞாயிறு அவருடையது. கடைக்காரர் எங்களுக்காகத் தொடைகளைத் தோலோடு எடுத்து வைத்துவிடுகிறார். நாய் பேச்சு இப்போது இல்லை. ஒரு வாரம் எலுமிச்சை, ஒரு வாரம் கறிவேப்பிலைப் பொடி என்று தோலுக்கடியில் எதையாவது மாற்றிப் பார்க்கிறார். சில வாரம் சொதப்பும். ஞாயிறு மதியம் நான் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுகிறேன். மற்ற நாட்களில் பழைய பழக்கம் போகவில்லை. தோசைக்கல்லை விட்டு நகர எனக்கு இன்னும் மனசு வருவதில்லை. ஆனால் தோசை சுட்டுக்கொண்டே நின்றபடி நான் தின்பதைப் பார்த்தால் அவர் கரண்டியை வாங்கிக்கொள்கிறார். அவர் ஊற்றும் தோசை எந்த வடிவத்திலும் சேராது.

இதில் ஒரே ஒரு தொல்லை, சமைக்கக் கற்றுக்கொண்ட மனிதருக்கு அபிப்பிராயங்களும் வந்துவிட்டன. முன்பெல்லாம் எதைப் போட்டாலும் "ம்" என்று ஒரு சத்தம்தான். இப்போது புளி தூக்கல், கீரை ஒரு கொதி கூட, பருப்பில் இன்னும் கொஞ்சம் பெருங்காயம். போன வாரம் நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"கடுகு லேசாக் கருகிருச்சோ?"

கரண்டியோடு திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் பின்வாங்கவில்லை. வாணலியைப் பார்த்தேன்.

கருகித்தான் இருந்தது.